ரோட் ஐலண்ட் ரெட்: இரண்டு சேவலில் எதை இனச்சேவலாக வைத்துக்கொள்வது?

புதுக்கூண்டு:

எல்லோருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ரோட் ஐலண்ட் ரெட் வளர்க்கிறேன். முட்டைக்காகத்தான் ஆரம்பித்தேன், இப்போது இந்த இனத்தைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. போன பருவத்தில் பொரித்ததில் இரண்டு இளஞ்சேவல்களும் ஏழு விடைக்கோழிகளும் (இளம்பெட்டைகள்) தேறி நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் எட்டு மாதம் முடிந்துவிட்டது. சேவலில் ஒன்றைத்தான் இனத்துக்கு வைக்க முடியும், இடம் அவ்வளவுதான்.

காலில் நீல வளையம் போட்ட சேவல் நிறத்தில் அசத்தல். கழுத்து முதல் முதுகு வரை ஒரே கருஞ்சிவப்பு, வெயிலில் எண்ணெய் தடவியது போல மின்னுகிறது, கொண்டையில் சரியாக ஐந்து பல் (கூர்முனை). உடம்பு மட்டும் கொஞ்சம் ஒல்லி, 2.9 கிலோ இருக்கிறது. மஞ்சள் வளையம் 3.3 கிலோ, முதுகு அகலம், பார்த்தால் இப்போதே முழுச்சேவல் மாதிரி நிற்கிறான். ஆனால் கொண்டையில் ஆறு பல். முதுகு இறகை விலக்கிப் பார்த்தால் தோலை ஒட்டிய பகுதி சிவப்பாக இல்லாமல் சாம்பலாக இருக்கிறது.

பெட்டைகளிலும் சந்தேகம் உண்டு. ஒன்றுக்குக் காது மடலில் வெள்ளைப் புள்ளி. ஒன்றுக்கு வலது காலில் நடுவிரல் வளைந்திருக்கிறது. ஒன்றுக்கு இரண்டு விரல்களுக்கு நடுவே பஞ்சு போல ஏதோ முளைத்திருக்கிறது. முட்டையிட ஆரம்பித்த மூன்றுக்கும் கால் மஞ்சள் வெளுத்துவிட்டது. ஸ்டாண்டர்டை, அதாவது கண்காட்சிக்கு ஒவ்வொரு இனமும் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் புத்தகத்தை, எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தால் கடைசியில் ஒரு கோழிகூட மிஞ்சாது போலிருக்கிறது. எது நிஜமான குறை, எது பெரிதில்லை என்று யாராவது சொல்லுங்கள்.


செங்கல்முதுகு:

தம்பி, ஸ்டாண்டர்டைக் கையில் வைத்துக்கொண்டு குறை தேட ஆரம்பித்தால் எல்லாருக்கும் முதலில் இப்படித்தான் ஆகும். குறையில் இரண்டு ரகம் இருப்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு ரகம் மதிப்பெண்ணைக் குறைக்கும், அவ்வளவுதான். இன்னொரு ரகம் இருந்தால் அந்தப் பறவையை நடுவர் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார், மற்றதெல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. அமெரிக்கன் ஸ்டாண்டர்ட் 1874இல் முதலில் வந்தது, பிரிட்டனில் அதற்கும் முன்னால் 1865இலேயே ஒன்று வந்துவிட்டது. இரண்டிலும் இந்தப் பிரிவினை உண்டு, சில விவரங்களில்தான் வித்தியாசம். அதனால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதையே பின்பற்றுங்கள். அங்கே ஒரு வரி இங்கே ஒரு வரி என்று எடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

ஆறு பல் என்பது முதல் ரகம். ஐந்துதான் வேண்டும், ஆறு இருந்தால் கொண்டைக்கான மதிப்பெண்ணில் வெட்டு விழும். அதற்காகச் சேவலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆறாவது பல் எங்கே இருக்கிறது என்று ஒரு தடவை நன்றாகப் பாருங்கள். கொண்டையின் மேல்விளிம்பில் மற்ற பற்களோடு வரிசையாக நின்றால் சரி. கொண்டையின் பக்கவாட்டுச் சுவரிலிருந்து தனியாக ஒரு கூர் வெளியே முளைத்திருந்தால் அது வேறு விஷயம், ஒற்றைக் கொண்டை உள்ள எந்த இனத்திலும் அமெரிக்க முறைப்படி அதற்குத் தகுதி நீக்கம்தான். குஞ்சுகளுக்கும் இறங்கும்.

அடிநிறம் சாம்பலாக இருப்பதும் குறைதான், நம் இனத்தில் தோல் வரைக்கும் சிவப்பு ஓட வேண்டும். ஆனால் கருப்பு எல்லாமே தப்பு என்று நினைத்துவிடாதீர்கள். வால் பச்சை மினுக்கோடு கருப்பாகத்தான் இருக்க வேண்டும். இறக்கையை விரித்தால் வெளிப்பக்கத்து நீள இறகுகளில் கீழ்ப்பாதியும், உள்பக்கத்து இறகுகளில் மேல்பாதியும் கருப்பு, மடக்கினால் அது உள்ளே மறைந்துவிடும். பெட்டைக்குக் கழுத்தின் அடியில் இறகு நுனியில் லேசான கரும்புள்ளி இருக்கலாம். புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இந்த இறக்கைக் கருப்பைப் பார்த்துவிட்டு நல்ல கோழியை விற்றுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன், மனது கஷ்டமாக இருக்கும்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். உருவம் இனத்தைச் சொல்லும், நிறம் அதன் வகையைச் சொல்லும் என்பது கோழி வளர்ப்பவர்களிடம் காலங்காலமாக இருக்கிற பேச்சு. ரோட் ஐலண்ட் ரெட்டுக்குச் செங்கல் உருவம். பக்கவாட்டில் நின்று பாருங்கள், முதுகு நீளமாக, தரைக்கு இணையாக ஓட வேண்டும், மார்பு முன்னால் நிறைந்திருக்க வேண்டும், கழுத்தையும் வாலையும் மனதால் அழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நீள்சதுரமாக இருக்க வேண்டும். பிறகு மேலேயிருந்து பாருங்கள், தோளில் இருக்கும் அகலம் வாலடி வரைக்கும் குறையாமல் வருகிறதா, அல்லது ஆப்பு போலக் குறுகுகிறதா? கண்ணை நம்பாதீர்கள், கையை வைத்துப் பாருங்கள், இறகு ஏமாற்றும். இந்தச் செங்கல் ஒரு மந்தையில் கெட்டுப்போனால் திரும்பக் கொண்டுவரப் பல தலைமுறை ஆகும். அடிநிறம் அப்படியில்லை, அடி வரை சிவப்பு ஓடுகிற பெட்டையோடு சேர்த்தால் குஞ்சுகளிலேயே பாதி சரியாகத் தொடங்கிவிடும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அளவில் ஒரு வருடம் தாண்டிய சேவல் 8.5 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3.85 கிலோ, இளஞ்சேவல் 7.5 பவுண்டு, 3.4 கிலோ. முழுப்பெட்டை 2.95, விடைக்கோழி 2.5. உங்கள் மஞ்சள் வளையம் கிட்டத்தட்ட வந்துவிட்டான். நீலம் அரை கிலோ பின்னால் நிற்கிறான், எட்டு மாதத்தில் அது சின்ன இடைவெளி இல்லை.

நான் மஞ்சள் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் முடிவு சொல்லும் முன் இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு சேவலையும் சமதரையில் விட்டு, அது அமைதியான பிறகு நேர் மேலேயிருந்தும் பின்னாலிருந்தும் வாலைப் பாருங்கள். அப்புறம் இரண்டு இறக்கையையும் முழுக்க விரித்துப் பாருங்கள்.


ஐந்துவிரல்:

கால் வெளுத்தது குறையே இல்லை, அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மஞ்சள் கால் கோழி முட்டையிட ஆரம்பித்ததும் தீவனத்தில் வரும் மஞ்சள் நிறமி மஞ்சள் கருவுக்குப் போய்விடும், உடம்பில் இருந்த நிறம் மெல்ல மெல்ல வடியும். அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் முட்டை வரும் வாயைச் சுற்றி, அப்புறம் கண்ணைச் சுற்றி, அப்புறம் அலகு அடியிலிருந்து நுனிக்கு, கடைசியில்தான் பாதமும் காலும். காலில் முழுக்க வெளுக்கவே மாதக்கணக்கில் ஆகும். முட்டை நின்றால் அதே வரிசையில் நிறம் திரும்பி வரும். அதனால் எட்டு மாதத்தில் கால் நன்றாக வெளுத்திருக்கிறது என்றால் சீக்கிரம் ஆரம்பித்து விடாமல் இடுகிறாள் என்று அர்த்தம். அந்த மூன்றையும் நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

நடுவரும் இதைத் தெரிந்தேதான் பார்ப்பார். காலில் மஞ்சள் இருக்கும்போதே காட்ட வேண்டும் என்றால் முட்டை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோக வேண்டும்.

ஆர்பிங்டன் வைத்திருக்கும் ஒருவர் என்னிடம் பெருமையாக, என் கோழிக்குக் கால் எவ்வளவு மஞ்சள் பாருங்கள் என்றார். அந்த இனத்துக்குத் தோல் வெள்ளையாக இருக்க வேண்டும், மஞ்சள் கால் வந்தால் தகுதி நீக்கம். அவரிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நெடுநேரம் தவித்தேன். சொல்லிவிட்டேன், சொல்லாமல் இருந்திருந்தால் அதே வரிசையில் இன்னும் இரண்டு வருடம் குஞ்சு எடுத்திருப்பார்.


புதுக்கூண்டு:

பதில்களுக்கு மிக்க நன்றி. ஆறாவது பல் மேல்விளிம்பில்தான் இருக்கிறது, பக்கவாட்டில் எதுவும் இல்லை. நிம்மதி.

ஆனால் அண்ணா, வாலைப் பார்த்ததும் மனது உடைந்துவிட்டது. நீல வளையத்தின் வால் மேலேயிருந்து பார்த்தால் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. இத்தனை நாள் பக்கவாட்டிலிருந்து மட்டும் ரசித்துக்கொண்டிருந்தேன், அதனால் தெரியவே இல்லை. மூன்று நாள் காலையில் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் இடதுதான்.

மஞ்சள் வளையத்துக்கு வால் நேர். ஆனால் வலது இறக்கையை விரித்தால் நடுவில் ஓர் இடைவெளி தெரிகிறது, விரல் நுழையும் அளவு. இடது இறக்கையில் அப்படி இல்லை. இரண்டுமே போச்சா?


வரிக்கோழி:

நான் வரி போட்ட பிளிமவுத் ராக் வைத்திருக்கிறவன், சிவப்பு என் இனம் இல்லை, இருந்தாலும் வால் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம் என்பேன். என்னிடம் ஒரு சேவலுக்கு இப்படித்தான் இருந்தது, சின்னக் கூண்டில் மூலையில் உட்கார்ந்து உட்கார்ந்து வால் இறகு ஒரு பக்கமாக மடங்கிப்போயிருந்தது. பெரிய இடத்தில் விட்டு, அடுத்த இறகு உதிர்ப்பு முடிந்து புது வால் வந்ததும் நேராகிவிட்டது. பயந்த கோழியும் வாலைத் திருப்பும். நிறம் அவ்வளவு நன்றாக இருக்கிற சேவலை ஒரு வருடம் வைத்துப் பார்ப்பதில் என்ன தப்பு?

நிறத்தை நீங்கள் எல்லாரும் கொஞ்சம் லேசாகத்தான் பேசுகிறீர்கள். எங்கள் இனத்தில் வரி கெட்டால் எல்லாமே கெட்டது. வரி நேராக, கூர்மையாக, அடி இறகு வரைக்கும் ஓட வேண்டும், இறகின் நுனி கருப்பில் முடிய வேண்டும். சேவலுக்கு அந்த வரி மரபணு இரண்டு பிரதி, பெட்டைக்கு ஒன்றுதான், அதனால் சேவல் எப்போதும் வெளிறியே தெரியும். இரண்டையும் ஒரே சாயலுக்குக் கொண்டுவரப் பாடுபட்டவர்களுக்குத்தான் நிறத்தின் அருமை தெரியும்.


செங்கல்முதுகு:

வரிக்கோழி அண்ணே, உங்கள் இனத்தில் நிறம் எவ்வளவு கடினம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. கூண்டு வாலைத் திருப்பும் என்பதும் உண்மை. ஆனால் அதைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் தேவையில்லை. தம்பி, நீலத்தைக் கையில் எடுத்து, வாலடியில், எண்ணெய்ச் சுரப்பிக்குக் கொஞ்சம் கீழே எலும்பை இரண்டு விரலால் தடவிப் பாருங்கள். எலும்பு நேராக இருந்து இறகு மட்டும் சாய்ந்திருந்தால் கூண்டு செய்த வேலை. எலும்பே ஒரு பக்கம் திரும்பியிருந்தால், கையால் நேராக்கி விட்டதும் மறுபடி அதே பக்கம் போனால், அது கோணல் வால். அதற்குத் தகுதி நீக்கம்தான். நிறத்துக்காக அந்தச் சேவலை இனத்துக்கு விட்டால் குஞ்சுகளில் வந்துகொண்டே இருக்கும், சில குஞ்சில் தெரியாமல் ஒளிந்திருந்து பேரக்குஞ்சில் தலைகாட்டும். அப்போது எந்தப் பெட்டை வழியாக வந்தது என்று தேடி மந்தை முழுக்கக் கலைக்க வேண்டிவரும்.

இதேபோல இன்னொன்று அணில் வால், வால் செங்குத்தையும் தாண்டி முதுகுப் பக்கம் முன்னால் சாய்வது. அதைப் பக்கவாட்டிலிருந்தே பார்த்துவிடலாம். கோணல் வாலைத்தான் பக்கவாட்டில் பார்த்து ஏமாறுவோம், உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்திருக்கிறது.

இறக்கைக்கு வருகிறேன். வெளிப்பக்கத்தில் 10 நீள இறகு இருக்கும், அப்புறம் ஒரு குட்டை இறகு, அதற்கு உள்ளே அடுத்த வரிசை. பிளந்த இறக்கை என்று சொல்வது அந்தக் குட்டை இறகு இருக்கும் இடத்தில் நிரந்தரமாக ஓர் இடைவெளி விழுவதைத்தான். அதுவும் தகுதி நீக்கம், அதுவும் இறங்கும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் இருப்பதால் நான் இப்போதைக்கு நம்பிக்கை விட மாட்டேன். அந்த இடத்தில் தோலை உற்றுப் பாருங்கள். நீலமான உறையோடு ஒரு முளை இறகு வந்துகொண்டிருக்கிறதா? வந்தால் பிடிக்கும்போதோ சண்டையிலோ இறகு பிடுங்கப்பட்டிருக்கிறது, ஆறேழு வாரத்தில் நிரம்பிவிடும். தோல் மொழுமொழுவென்று, இறகுக்குழியே இல்லாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். இன்னொன்று, இறகு உதிர்க்கும்போது நீள இறகுகள் இந்தக் குட்டை இறகை ஒட்டியிருப்பதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் நோக்கி விழும், அதனால் அந்தச் சமயத்தில் எல்லாக் கோழியுமே பிளந்த இறக்கை மாதிரித்தான் தெரியும்.


கைப்பிடி:

சில கண்காட்சிகளில் நடுவருக்கு உதவியாளாக நின்றிருக்கிறேன், அதனால் பார்க்கும் முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். முதன்முதலில் நின்றபோது மூத்த நடுவர், கூண்டு வரிசையைப் பார்த்துவிட்டு முதல் மூன்றைச் சொல் என்றார். நான் சொன்ன முதல் பறவை நிஜமாகவே பார்க்க அவ்வளவு கம்பீரம். அவர் அதை எடுத்து என் கையில் கொடுத்து நெஞ்செலும்பைத் தடவச் சொன்னார். நீளவாக்கில் பாம்பு மாதிரி வளைந்திருந்தது. மார்பு நிறைந்திருந்ததாக நான் பார்த்தது வெறும் இறகு. அன்றைக்கு முகம் சிவந்துபோனது இன்னும் நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு கையில் எடுக்காத கோழியைப் பற்றி நான் வாயே திறப்பதில்லை.

முதலில் தொடாமல் தூரத்திலிருந்து பார்க்க வேண்டும், ஏனென்றால் கையில் வந்ததும் உருவம் போய்விடும். நிற்கும் விதம், முதுகுக் கோடு, கால் இரண்டும் நேராக அகலமாக ஊன்றியிருக்கிறதா அல்லது முழங்கால் முட்டுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு எடுப்பது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, நெஞ்செலும்பு உள்ளங்கையில் படுத்தபடி, விரல்களால் தொடைகளை மெதுவாகக் கட்டிக்கொண்டு, தலை முன்னால் வரும்படி கூண்டிலிருந்து எடுக்க வேண்டும், உள்ளே விடும்போதும் தலைதான் முதலில். வால் முதலில் இழுத்தால் இறகு ஒடியும், கோழியும் அடுத்த ஆள் கையில் நடுங்கும். நீங்கள் வீட்டிலேயே வாரத்துக்கு இரண்டு தடவை இப்படி எடுத்துப் பழக்குங்கள். பழகாத கோழி நடுவர் முன்னால் குறுகிப்போய் நிற்கும், நல்ல உருவமெல்லாம் அதிலேயே காணாமல் போகும்.

கையில் வந்தபிறகு நான் தலையிலிருந்து போவேன். அலகு மேலும் கீழும் நேராகப் பொருந்துகிறதா, இரண்டு கண்ணும் ஒரே நிறமா, உங்கள் இனத்துக்கு அது செம்பழுப்பு. கொண்டை, காது மடல். இறக்கை இரண்டையும் விரித்து, மடக்கி. மடக்கியதும் வெளி இறகுகள் உள்ளே போய்ப் படிய வேண்டும், கீழே தொங்கினால் சரிந்த இறக்கை. முதுகு இறகை ஊதி அடிநிறம். நெஞ்செலும்பு. பெட்டை என்றால் இடுப்பெலும்பு இரண்டுக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது. பின்பக்க இறகை விலக்கிப் பேன் இருக்கிறதா. பேன் இருக்கும் கோழியை மேசைக்கு எடுத்து வருபவரைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும், அதற்கு மரபு என்று சாக்கு சொல்லவே முடியாது. கடைசியில் கால், செதில் தூக்கியிருக்கிறதா, விரல்கள் எப்படி.

வயதையும் சரியாகப் போடுங்கள், ஒரு வருடம் ஆகாததை முழுச்சேவல் வகுப்பில் போட்டால் எடையிலேயே தோற்றுவிடும்.


புதுக்கூண்டு:

கைப்பிடி ஐயா, நீங்கள் சொன்னபடி ஒன்பதையும் எடுத்துப் பார்த்தேன், முழு மாலையும் போய்விட்டது. நீலத்தின் வாலெலும்பே திரும்பியிருக்கிறது, விரலில் தெளிவாகத் தெரிகிறது. மஞ்சளுக்கு அந்த இடைவெளியில் நீல உறையோடு முளை இருக்கிறது! சின்னதுதான், ஆனால் இருக்கிறது. நெஞ்செலும்பும் நேர்.

பெட்டைகளில் அந்த மூன்றைப் பற்றி மட்டும் சொல்லிவிடுங்கள், காது மடல், விரல், பஞ்சு. பஞ்சைப் பிடுங்கிவிட்டால் போதாதா?


செங்கல்முதுகு:

பிடுங்கவே கூடாது. சுத்தமான கால் இருக்க வேண்டிய இனத்தில் காலிலோ விரலிலோ விரல் நடுவிலோ இறகு, பஞ்சு எது இருந்தாலும் தகுதி நீக்கம். பிடுங்கினால் இறகுக்குழி தெரியும், அதைக் கண்டுபிடித்தால் ஏமாற்றியதற்காகவும் வெளியே அனுப்புவார்கள். கோழியைக் குளிப்பாட்டலாம், கொண்டைக்கு லேசாக எண்ணெய் தடவலாம், நகத்தைச் சீராக்கலாம். ஸ்டாண்டர்டுக்குள் கொண்டுவருவதற்காகப் பிடுங்குவது, வெட்டுவது, சாயம் பூசுவது எதுவும் கூடாது. அதைவிடப் பெரிய விஷயம், பிடுங்கினால் நடுவர் கண்ணுக்கு மறையும், குஞ்சுக்கு மறையாது. அந்தப் பெட்டை முட்டைக்கு இருக்கட்டும், அடைக்கு அவள் முட்டையை வைக்காதீர்கள்.

காது மடலை விரலால் அழுத்தி விடுங்கள். கொத்துப்பட்ட தழும்பு, காய்ந்த தோல் என்றால் சொரசொரப்பாக, மங்கலாக இருக்கும், சில வாரத்தில் உரிந்துவிடும். பீங்கான் மாதிரி வழவழப்பாகப் பளிச்சென்று வெள்ளையாக இருந்தால் அது உள்ளேயிருந்து வரும் வெள்ளை. லெக்ஹார்ன் இனத்துக்கு அதே வெள்ளைதான் அழகு, நமக்கு அது குற்றம், நமக்கு மடல் முழுக்கச் சிவப்பு. இதைப் பார்த்துவிட்டு யாரோ கலப்புக்கோழியை ஏமாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள். இந்த இனத்தை உருவாக்கிய காலத்தில் மலாய், ஷாங்காய் கோழிகளோடு பழுப்பு லெக்ஹார்ன் ரத்தமும் சேர்ந்திருக்கிறது, 1904இல் ஸ்டாண்டர்டில் ஏறுவதற்கு முன்னாலேயே. அதன் சுவடு எப்போதாவது எட்டிப்பார்க்கும்.


ஐந்துவிரல்:

விரலைப் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அதில் சூடு பட்ட அனுபவம். ஒரு தடவை ஒரே ஈட்டில் ஐந்து குஞ்சுக்கு விரல் வளைந்தது. பரம்பரை என்று நினைத்துத் தாய்க்கோழியையே விற்றேன். அப்புறம்தான் குஞ்சுகளை வழுக்கும் தரையில், வெறும் செய்தித்தாள் மேல் விட்டிருந்தது புரிந்தது. உமி பரப்பிய அடுத்த ஈட்டில் ஒன்றுக்குக்கூட வரவில்லை. தீவனத்தில் ரிபோஃப்ளேவின் என்ற பி2 வைட்டமின் குறைந்தாலும் குஞ்சுக்கு விரல் உள்ளே சுருளும். அதனால் அந்தப் பெட்டையின் உடன்பிறப்புகளுக்கு எப்படி என்று முதலில் பாருங்கள். அவளுக்கு மட்டும், ஒரு காலில், ஒரு விரலில் என்றால் நான் அவளிடமிருந்து ஒரு ஈடு தனியாக எடுத்து, வளையம் போட்டுப் பார்ப்பேன். கண்காட்சிக்கு மட்டும் வேண்டாம்.


வரிக்கோழி:

வாலெலும்பே திரும்பியிருந்தால் நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எலும்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆனால் மஞ்சளோடு எந்தப் பெட்டையைச் சேர்ப்பது என்பதில் கவனம். ஒரே குறை உள்ள இரண்டைச் சேர்க்கவே கூடாது. அவனுக்கு அடிநிறம் சாம்பல், அதனால் ஏழு பெட்டையையும் முதுகில் ஊதிப் பார்த்து, தோல் வரை சிவப்பு ஓடுவதை மட்டும் எடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் குறையட்டும்.


புதுக்கூண்டு:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். மஞ்சளின் வலது இறக்கை நிரம்பிவிட்டது, அந்தக் குட்டை இறகு சரியாக அதன் இடத்தில் வந்து நிற்கிறது. எடை 3.5 கிலோ. நீலத்தை, வாலைப் பற்றிச் சொல்லியே, முட்டைக்கு மட்டும் கோழி வைத்திருக்கிற ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கூண்டுக்கு வெளியே கூவுவது இன்னும் காதில் இருக்கிறது, அவ்வளவு அழகான நிறம்.

காது மடல் வெள்ளை உரியவில்லை, பீங்கான் வெள்ளைதான். அவளும் பஞ்சுக்கால் பெட்டையும் முட்டைக் கூட்டத்துக்குப் போய்விட்டார்கள். விரல் வளைந்தவளின் உடன்பிறப்பு யாருக்கும் அந்தக் கோளாறு இல்லை, அவளுடைய முட்டை பன்னிரண்டைத் தனியாக அடை வைக்கப் போகிறேன். மீதி நான்கில் ஊதிப் பார்த்தபோது இரண்டுக்குத்தான் சிவப்பு அடி வரை ஓடுகிறது, இரண்டுமே கால் வெளுத்த மூன்றில் உள்ளவை. நேற்று மஞ்சளை அந்த இரண்டோடு சேர்த்துவிட்டேன். முதல் குஞ்சுகள் வந்து இறகு கட்டியதும் இங்கேயே எழுதுகிறேன், அடிநிறம் எப்படி வந்தது என்று.